வைத்திருத்தலும் தின்னுதலும்: ஒரு ஆங்கிலப் பழமொழியின் அரசியல்

'யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ.' ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைப் பாராளுமன்றத்தில் சொல்கிறார்கள், படுக்கையறையில் சொல்கிறார்கள், சம்பளப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பு சொல்கிறது. ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களே முதல் தடவை கேட்கும்போது முழிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கேக் கையில் இருந்தால்தானே தின்ன முடியும்? தின்பதற்குத்தானே கேக்கை வைத்திருப்பது? இதிலே என்ன முடியாமை வந்தது? இப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்கிற பதில்: தின்னுட்டா அப்புறம் கேக் இருக்காதில்ல, அதைத்தான் சொல்றாங்க. பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, வளர்ந்து, தானும் அதையே சொல்லத் தொடங்கிவிடுகிறது. குழப்பம் இருந்த இடத்திலேயே கிடக்கிறது.

தமிழில் பெயர்க்கப் போனால் குழப்பம் வேறு வேஷம் கட்டிக்கொள்கிறது. 'உன் கேக்கை வைத்திருக்கவும் தின்னவும் முடியாது' என்று சொல்லுக்குச் சொல் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'இரண்டில் ஒன்றுதான்' என்றிருந்தது தமிழில் 'இரண்டுமே கிடையாது' என்றாகிவிடுகிறது. தமிழின் எண்ணும்மையோடு எதிர்மறை சேர்ந்தால் விளைவு அப்படி. 'அவனுக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது' என்றால் இரண்டும் தெரியாது என்றுதானே பொருள். கோட்பாட்டுக் கட்டுரைகளை மொழிபெயர்க்கிறவர்கள் இந்தத் தொடரில் கால் இடறி விழுந்ததைச் சிறுபத்திரிகை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். வைத்திருக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. இதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கேக்கே இல்லாதவனைப் பொறுத்தவரை தமிழ் வாக்கியம்தான் உண்மையைச் சொல்கிறது. இந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆங்கிலத்திலேயே சிக்கல் எங்கே இருக்கிறதென்று பார்ப்போம். எல்லாம் 'ஹேவ்' என்ற அந்தச் சின்ன வினைச்சொல்லில் இருக்கிறது. அதற்கு உடைமையாகக் கொள்வது என்று ஒரு பொருள். உண்பது, குடிப்பது என்றும் ஒரு பொருள். 'ஹேவ் டீ' என்றால் டீயைப் பெட்டியில் பூட்டி வை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதுபோலவே 'ஹேவ் கேக்' என்றால் கேக் சாப்பிடு என்றுதான் அன்றாட ஆங்கிலக் காது கேட்கும். ஆக, தொடரை அன்றாடக் காதால் கேட்டால் 'உன் கேக்கைச் சாப்பிட்டு, அதைச் சாப்பிடவும் முடியாது' என்று வருகிறது. பழமொழிக்குள் இருக்கிற 'ஹேவ்' பழைய 'ஹேவ்'; கைவசம் வைத்துக்கொண்டே இருப்பது, செலவழிக்காமல் காப்பது. ஒரே சொல் உடைமையையும் உடைமையைத் தின்று தீர்ப்பதையும் குறிக்கிறது. பிளாட்டோவின் பிரதியில் மருந்தையும் நஞ்சையும் ஒருசேரக் குறிக்கிற 'ஃபார்மகான்' என்ற கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு தெரிதா 1968இல் அவ்வளவு பெரிய கட்டுரை எழுதினார். கேக்கை அவர் தொட்டிருந்தால் பத்து பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருப்பார்.

இன்னொரு சிக்கல் வரிசையில். 'அண்ட்' என்ற இணைப்புச்சொல் தருக்கப் புத்தகத்தில் வெறும் கூட்டல் குறி. பேச்சில் அது காலத்தையும் சுமக்கிறது. 'கதவைத் திறந்தாள் அண்ட் வெளியே போனாள்' என்றால் திறந்தது முதலில், போனது பிறகு. அதே கணக்கில் கேக்கை முதலில் வைத்திருந்தேன், பிறகு தின்றேன் என்பதில் ஒரு தடையும் இல்லை. உலகமே அப்படித்தான் கேக் தின்கிறது. மாற்றிப் போட்டால்தான் தடை தெரிகிறது: முதலில் தின்றேன், பிறகும் வைத்திருந்தேன் என்பது நடக்காது. எனவே 'தின்று, வைத்திரு' என்பதே சரியான வரிசை, 'வைத்திருந்து, தின்' என்பது பாமரர் கெடுத்தது என்று இலக்கணக் காவலர்கள் சிலர் வாதிடுவார்கள்.

மூலத்தைத் தேடிப் போனால் காவலர்களுக்கு அங்கே உட்கார இடமில்லை. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழி நூலில் 'தின்று, வைத்திரு' என்ற வரிசை இருக்கிறது. ஆனால் அதற்கு எட்டு வருஷம் முந்தி, 1538இல், நார்ஃபோக் கோமகன் தாமஸ், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் 'வைத்திரு, தின்' என்ற வரிசைதான். நமக்குக் கிடைத்திருக்கிற பழைய பதிவே 'கெட்ட' வரிசை. 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட்டின் 'நாகரிக உரையாட'லில் வருகிற ஒரு சீமாட்டி 'தின்று, வைத்திரு' என்கிறாள். ஸ்விஃப்ட் செத்த பிறகு, 1749இல், அந்த நூலை யாரோ மாற்றியமைத்து வெளியிட்டபோது அதே இடத்தில் வரிசை தலைகீழாகியிருக்கிறது. பதினொரு வருஷத்தில் ஒரே வாக்கியம் குட்டிக்கரணம் போட்டுவிட்டது. ஆக, தூய மூலம் என்று ஒன்று இங்கே இல்லை. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நானூறு வருஷம் நடந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் 'வைத்திரு, தின்' ஜெயித்துவிட்டது. ஏன் ஜெயித்தது என்பதற்குப் பின்னால் என் ஊகத்தைச் சொல்கிறேன்.

அந்த 1538 கடிதத்தை எழுதியவரும் வாங்கியவரும் யார் என்பது சாதாரண விஷயமில்லை. 1536 முதல் இங்கிலாந்தில் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை அரசு பறித்துக்கொண்டிருந்தது. குரோம்வெல்தான் அதை நடத்தியவர். பறித்த நிலத்தில் அவரும் பங்கு எடுத்துக்கொண்டார், நார்ஃபோக்கும் எடுத்துக்கொண்டார். இரண்டு நிலக்கொள்ளைக்காரர்களுக்கிடையே ஒரு கடிதம். அதில் கேக்கை வைத்திருக்கவும் தின்னவும் முடியாது என்று அறவுரை! இரண்டு வருஷம் கழித்து, 1540இல், குரோம்வெல்லின் தலை போனது. அதற்குக் குழி வெட்டியவர்களில் முதல் ஆள் நார்ஃபோக். அவர் தலையும் 1547இல் போயிருக்க வேண்டியது. தண்டனைக்கு முதல்நாள் ராஜா செத்துப்போனதால் தப்பியது.

ஸ்விஃப்ட்டின் சீமாட்டி யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். இளமையில் அழகாக இருந்து இப்போது வயதாகிப்போன ஒரு பெண்ணைப் பற்றி. அழகு என்கிற கேக்கை அவள் தின்று தீர்த்துவிட்டாளாம், இனிமேல் அது கையில் இருக்குமா என்கிறாள். வேலையும் வேண்டும் குழந்தையும் வேண்டும் என்கிற பெண்ணிடம் இன்றைக்கும் இதே தொடரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வேலையும் குழந்தையும் வைத்திருக்கிற ஆணிடம் யாரும் கேக்கைப் பற்றிப் பேசி நான் படித்ததில்லை.

*

இந்தத் தொடர் ஒரு ஆளைச் சிறைக்கு அனுப்ப உதவியிருக்கிறது. அமெரிக்காவில் 1978க்கும் 1995க்கும் இடையில் குண்டுகளை அனுப்பி மூன்று பேரைக் கொன்று இருபத்துமூன்று பேரைக் காயப்படுத்தியவர் தியடோர் கஸின்ஸ்கி. ஹார்வர்டில் படித்தவர், மிச்சிகனில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பெர்க்லியில் கற்பித்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டு மான்டானா மாநிலத்தில் மின்சாரமில்லாத ஒரு மரக்குடிலில் தனியே வாழ்ந்தார். தொழில்நுட்ப சமூகத்தை ஒழிக்கச் சொல்லும் அவருடைய நீண்ட அறிக்கையை 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. வெளியிட்டால் கொலைகளை நிறுத்துகிறேன் என்பது பேரம். படித்த தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் இது அண்ணன் எழுத்து மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் வந்தது. பழைய கடிதங்களை எடுத்துக் கொடுத்தார்கள். எஃப்.பி.ஐ.யில் மொழிநடையை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று நம்முடைய கேக். அறிக்கையிலும் 'தின்று, வைத்திரு' வரிசை, பழைய கடிதத்திலும் அதே வரிசை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி எழுதுகிறவர்கள் அருகிப்போயிருந்தார்கள். இப்படிப் பல ஒற்றுமைகளை அடுக்கி நீதிமன்றத்தில் சோதனை ஆணை வாங்கினார்கள். 1996 ஏப்ரல் 3 அன்று அவர் கைதானார். 2023 ஜூனில் சிறைக்காவலிலேயே இறந்தார்.

கொலைகாரர் மீது எனக்கு ஒரு கரிசனமும் கிடையாது. அவர் கொன்றவர்களில் ஒருவர் கணினிக் கடைக்காரர்; தொழில்நுட்ப நாகரிகம் அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்ததா என்ன? என்னை உறுத்துவது வேறு. கணிதம் படித்த அந்த ஆள் தருக்கப்படி சரியான வரிசையை விடாப்பிடியாக எழுதினார். ஊர் முழுக்கத் தருக்கப்படி கோணலான வரிசையைச் சொன்னது. காட்டிக்கொடுத்தது அவருடைய 'சரி'. பிழை பெரும்பான்மையாகிவிட்டால் அதுவே இயல்பு, சரியாகச் சொல்கிறவன் அந்நியன். ஃபூக்கோ மருத்துவமனையிலும் சிறையிலும் பார்த்த அதே வேலையை மொழி சத்தமில்லாமல் செய்கிறது. கைரேகை எடுப்பதுபோல் வாக்கிய வரிசையை எடுக்கிறார்கள். இந்தத் தடவை பிடிபட்டவன் கொலைகாரன். அதே எந்திரம் நாளைக்குத் துண்டுப்பிரசுரம் எழுதியவனையும் பிடிக்கும். பெயர் போடாமல் எழுதுகிற நண்பர்கள் இதை யோசித்துக்கொள்ளலாம்.

*

'ஹேவ்' விஷயத்துக்குத் திரும்புகிறேன். தமிழில் அதற்கு நேரான வினையே கிடையாது. 'என்னிடம் பணம் இருக்கிறது', 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்' என்கிறோம். வாக்கியத்தின் எழுவாய் பணமும் மகளும். நான் ஓர் இடம், அவ்வளவே. பணம் இன்றைக்கு என்னிடம் இருக்கும், நாளைக்கு உன்னிடம் இருக்கும். இதைக் கீழைத்தேய ஞானம், பற்றற்ற தத்துவம் என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எமில் பென்வெனிஸ்ட், 1966இல் வெளிவந்த தன் பொது மொழியியல் நூலில், உலக மொழிகளில் பலவும் இப்படித்தான் உடைமையைச் சொல்கின்றன, தனியாக 'ஹேவ்' வைத்திருக்கிற மொழிகள்தான் விதிவிலக்கு என்று காட்டியிருக்கிறார். லத்தீனிலேயே 'எனக்கு இருக்கிறது' என்ற வழி உண்டு. 'ஹேவ்' இல்லாத தமிழைப் பேசிய மிராசுதாரர் நிலத்தை வைத்திருக்கவில்லையா? இலக்கணத்தில் உடைமை இல்லை, பட்டாவில் இருந்தது.

ஆனாலும் மொழிபெயர்ப்பில் இது ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஈட்' இரண்டுக்கும் எழுவாய் ஒரே ஆள். நீ வைத்திருக்கிறாய், நீ தின்கிறாய். பிரச்சினை உன் ஆசைக்குள் நடக்கிறது. தமிழில் நேர்மையாகச் சொல்லப் போனால் 'தின்ன கேக் மிஞ்சாது' என்று கேக்கின் பக்கம் வாக்கியம் திரும்பிவிடுகிறது. உன்னிடம் பேராசை என்று குற்றம் சாட்டுகிற தொனி காணாமல் போகிறது. ஆங்கிலத் தொடர் செய்வது அந்தக் குற்றச்சாட்டைத்தான். இயற்கை விதி ஒன்றைச் சொல்வதுபோலத் தொடங்கி, கேட்கிறவனை அற்பன் ஆக்கி முடிக்கிறது.

கேக்கும் நாம் நினைக்கிற கேக் இல்லை. பிறந்தநாளுக்கு வெட்டுகிற, கிரீம் பூசிய பண்டம் பதினாறாம் நூற்றாண்டில் கிடையாது. அன்றைக்கு 'கேக்' என்றால் சின்னதாக, தட்டையாக, இரண்டு பக்கமும் திருப்பிப்போட்டுக் கெட்டியாகச் சுட்ட ரொட்டி. நம் அடை மாதிரி. ஓட்ஸ் மாவிலும் சுட்டார்கள். ஆகவே பழமொழி பிறந்தபோது அதன் களம் விருந்து மேசை அல்ல, பஞ்சகாலத்து அடுப்படி. இருக்கிற ஒரு ரொட்டியை இன்றைக்குத் தின்பதா, நாளைக்கு வைப்பதா? இந்தக் கேள்வியில் பேராசை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு இணையான சங்கடம் விதைநெல். பசி தாங்காமல் விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்த குடும்பங்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. குடித்துவிட்டால் விதைக்க நெல் இருக்காது என்று அவர்களுக்குப் பழமொழி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ரொட்டியை இனிப்பாக்கியது சர்க்கரை. சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய 'இனிப்பும் அதிகாரமும்' என்ற நூல் காட்டுகிறபடி, 1650 வாக்கில் இங்கிலாந்தில் அபூர்வப் பொருளாக இருந்த சர்க்கரை 1850க்குள் தொழிலாளி வீட்டுத் தேநீரிலும் கரைகிற அன்றாடத் தேவையாகிவிட்டது. இடையில் நடந்தது கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள், அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பும் சாவும். பழமொழி ஆங்கிலேயரின் வாயில் உருண்டுகொண்டிருந்த அதே நூற்றாண்டுகள். இந்தப் பழமொழி பொய் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். 1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதற்காக இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அந்த வருஷத்து அரசுச் செலவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் அது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. பணம் வாங்கிய பிறகாவது கையை எடுத்தார்களா என்றால் இல்லை. 'பயிற்சி' என்று ஒரு பெயர் வைத்து, விடுதலையானவர்கள் பழைய எஜமானனுக்கே வாரத்தின் பெரும்பகுதி கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. எதிர்ப்பு பலத்து 1838இல்தான் அதைக் கைவிட்டார்கள். அடிமையை விற்ற காசும் கையில், அடிமையும் வயலில். தின்றார்கள், வைத்திருந்தார்கள்.

அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் அடைந்தது. 2018இல் பிரிட்டிஷ் கருவூலமே இதைப் பெருமையாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அடக்கி வாசித்தது. அதாவது 1948க்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டியவர்களும் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர்களும், தங்கள் பாட்டன்களை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த தொகைக்கு வரி கட்டியிருக்கிறார்கள். அதே 2018இல் அவர்களில் பலரைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்று பிடித்து வைத்ததும், சிலரை நாடு கடத்தியதும் அம்பலமானது. உழைப்பு வேண்டும், உழைத்த ஆள் வேண்டாம்.

கரும்புக் கொல்லையில் விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் அதில் உண்டு. இந்தப் பழமொழியின் சர்க்கரையில் நம் ஆட்களின் வியர்வையும் கலந்திருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லி நகர்கிறேன்.

*

இந்தத் தொடரை மார்க்ஸ் கையாண்டாரா என்பது முக்கியமில்லை. 'மூலதனம்' முதல் தொகுதியில் இதன் எலும்புக்கூடு கிடக்கிறது. உபரிமதிப்பு மூலதனமாக மாறுவது பற்றிய 24ஆம் அத்தியாயத்தில், முதலாளியின் நெஞ்சுக்குள் இரண்டு ஆத்மாக்கள் சண்டை போடுவதைக் கதேயின் ஃபாவுஸ்டை நினைவூட்டி எழுதுகிறார்: சேர்த்துக்கொண்டே போகும் வெறி ஒன்று, அனுபவிக்கும் ஆசை மற்றொன்று. ஆரம்பகால முதலாளி கஞ்சன். தின்றால் மூலதனம் கரைந்துவிடுமே என்று பயந்தான். அந்தக் கட்டத்தில் பழமொழி அவனுக்கே உண்மையாக இருந்தது. தொழில் பெருகியதும் சண்டை ஓய்ந்தது. ஆடம்பரமே கடன் வாங்குவதற்கான தகுதிச் சான்றாகிவிட்டது. தின்பதும் சேர்வதும் கைகோத்துக்கொண்டன. வட்டிக்கு விடுகிறவன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். முதல் பெட்டியில் இருக்கும், வட்டி வயிற்றில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் கேக்கைத் தின்கிறான், ஒவ்வொரு மாதமும் முழுக் கேக் தட்டில் இருக்கிறது.

இங்கேதான் முன்னே சொன்ன ஊகம். இருபதாம் நூற்றாண்டில் ஏன் 'வைத்திரு' என்பது முன்னுக்கு வந்தது? மொழியியலாளர்கள் ஓசை, பழக்கம் என்று காரணம் சொல்லக்கூடும். எனக்கு என்னவோ, 'முதலில் வைத்திரு' என்பது அந்தச் சமூகத்தில் தருக்க வரிசையைவிட ஆழமான வரிசையாகிவிட்டது என்று படுகிறது. தின்பதெல்லாம் உடைமைக்குப் பின்னால். நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஆதாரம் இல்லை, ஊகம் ஊகமாகவே இருக்கட்டும்.

மற்ற மொழிகளில் இதே சங்கடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் மாட்டுகிறான். இத்தாலியன் பீப்பாய் நிறைய மது இருக்க வேண்டும், பெண்டாட்டியும் போதையில் கிடக்க வேண்டும் என்கிறான். பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஹங்கேரியில் ஆடும் வயிறார வேண்டும், முட்டைக்கோசும் மிஞ்ச வேண்டும். பிரெஞ்சில் வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டும். அதோடு பால்காரியின் புன்னகையும் வேண்டும் என்று நீட்டிச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பிரெஞ்சு. அதில்தான் விற்பனை வருகிறது, காசு வருகிறது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிலாளி இருக்கிறாள். ஆங்கிலத்தில் கேக்கைச் சுட்டவர் எங்கே?

நம் அகராதிக்காரர்களும் ஆங்கில ஆசிரியர்களும் இதற்கு இணை என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை'. பரீட்சையில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒன்றா? கேக் பழமொழியில் பண்டம் ஒன்று, காலம் இரண்டு. கூழில் பண்டம் இரண்டு, காலம் ஒன்று. கூழைக் குடித்தால் மீசை அழிந்தா போகிறது? கொஞ்சம் ஒட்டும். துடைத்தால் போகும். தோளில் துண்டு எதற்கு? தருக்க முரண்பாடு ஒன்றும் அங்கே இல்லை. இருப்பது ஒரு கட்டளை: கூழ் குடிக்கிறவனுக்கு மீசை எதற்கடா? கேக் பழமொழி தின்னுவதையும் சேமிப்பதையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நம்முடையது பசியையும் மானத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பண்ணையார் மீசையை முறுக்கிக்கொண்டு நெய்ச்சோறு தின்னலாம்; அதற்கு எதிராகப் பழமொழி கிடையாது. கூழ் யாருடைய உணவு, மீசை யாருக்கு உரிமை என்று கேட்டுவிட்டால் பழமொழியின் சாதி தெரிந்துவிடும். 2017இல் குஜராத்தில் காந்திநகர் அருகே மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களைத் தாக்கினார்கள் என்று புகார்கள் எழுந்தபோது, அந்த மாநிலத்து தலித் இளைஞர்கள் தங்கள் மீசைப் படங்களைக் கைபேசிகளில் முகப்பாக வைத்துப் பதில் சொன்னார்கள். கூழும் வேணும், மீசையும் வேணும், என்னடா இப்ப என்கிற பதில் அது. அம்பேத்கர் சோற்றையும் சுயமரியாதையையும் தனித்தனியே பிரித்துக் கேட்டவரில்லை.

இயக்கத்தில் இருப்பவர்கள் இந்தக் கேக் தருக்கத்தை வேறு பெயர்களில் தினமும் சந்திக்கிறார்கள். கூலி உயர்வும் வேலை உத்தரவாதமும் சேர்ந்து கிடைக்காது. ஆற்றில் நல்ல தண்ணீரும் வேண்டும், ஆலையும் வேண்டும் என்றால் எப்படி? ஆலைக்காரர் தண்ணீரையும் ஆலையையும் வைத்திருக்கிறார், லாபத்தையும் தின்கிறார் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பவர் கையில் இரண்டும் இருக்கும். கேட்கப்படுகிறவர் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதனால்தான் 'வைத்திருக்கவும் தின்னவும் முடியாது' என்ற அந்த மட்டமான மொழிபெயர்ப்பு எனக்குப் பிடித்துப்போகிறது. அது சொல்கிற ஆளை ஆங்கிலப் பழமொழிக்குத் தெரியாது.

பழமொழியைப் பகிரங்கமாகக் கிழித்துப்போட்டவர் ஒரு ஆங்கில மேட்டுக்குடிக்காரர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று 2016 ஜூனில் பிரிட்டன் வாக்களித்தது. அப்போது வெளியுறவு அமைச்சரான போரிஸ் ஜான்சன், கேக் விஷயத்தில் தன் கொள்கை வைத்திருப்பதற்கும் ஆதரவு, தின்பதற்கும் ஆதரவு என்று கூசாமல் சொன்னார். ஒன்றியத்தின் சந்தை வேண்டும், சட்டம் வேண்டாம். அந்த வருஷம் நவம்பரில் டவுனிங் தெருவிலிருந்து வெளியே வந்த ஒரு உதவியாளரின் கையெழுத்துக் குறிப்பைப் புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். அதிலும் இதே கேக். பத்திரிகைகள் 'கேக்கிசம்' என்று ஒரு இசத்தையே உண்டாக்கின. மார்க்சிசத்துக்குப் பிறகு எத்தனையோ இசங்களை இங்கே இறக்குமதி செய்த நாம் இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டோம்.

ஐரோப்பிய கவுன்சிலின் தலைவராக இருந்த டொனால்ட் டஸ்க் 2016 அக்டோபரில் அதற்குப் பதில் சொன்னார். ஒரு கேக் வாங்குங்கள், தின்னுங்கள், பிறகு தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தின்பது, பிறகு பார்ப்பது. டஸ்க் போலந்துக்காரர். போலிஷ் மொழியிலும் இதே பழமொழி உண்டு. அங்கே வரிசை 'தின்று, வைத்திரு' என்பதுதான். கஸின்ஸ்கியைக் காட்டிக்கொடுத்த வரிசை ஒன்றியத்தின் தலைவர் வாயில் ராஜதந்திரமாக வந்து உட்கார்ந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. தட்டில் என்ன மிஞ்சியது என்று அவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மொழிபெயர்க்கிறவர் என்னதான் செய்வது? அகராதியில் ஒரே இணையைப் போட்டு மூடிவிட முடியாது என்பதே என் கட்சி. ஸ்விஃப்ட்டின் சீமாட்டி பேசினால் 'அனுபவிச்சது திரும்ப வருமா' என்று ஒரு பெருமூச்சு போதும். கஸின்ஸ்கியின் அறிக்கைக்கு 'தின்ற சோறு பானையில் இருக்காது' என்று அந்த வரிசை கெடாமல் எழுத வேண்டும். வரிசை அங்கே துப்பு. பஞ்சகாலத்து ரொட்டிக்கு விதைநெல் பொருந்தும். கூழையும் மீசையையும் இவற்றில் எதற்கும் நான் எடுக்க மாட்டேன். ஜான்சன் பேச்சை யாராவது தமிழில் கேட்டால், 'முதல் கரையாம வட்டி தின்கிறது' என்று போடுவேன். கேக்கே அங்கே வேண்டியதில்லை.